தம்பிக்குப் பம்பரம் சுற்ற வராது

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. ஐ.டி.ஐ. முடித்து லேத் பட்டறையில் வேலை பார்த்தான். போன வருஷம் ஆடி மாதம், பக்கத்து வீட்டில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அப்புறம் ஆளே இல்லாதபோதும் காதில் குரல் கேட்டது. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம், சைக்கோசிஸ் என்ற மனநோய் என்றார். அன்றைக்கு மாத்திரை எழுதும் முன், மேசையில் கையை முஷ்டியாக, பக்கவாட்டில், விரித்து என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். தம்பிக்கு வரிசை குழம்பிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் எண் எழுதினார். அதையும் தப்பாகச் சொன்னான். சீட்டில் 'சாஃப்ட் சைன்ஸ் உண்டு' என்று எழுதினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நார்மல். எட்டு மாதமாக ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறான். இடையில் டோஸ் கூட்டினார்கள். குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் மூன்று மாதமாக நடை இறுகிவிட்டது, கை வீசி நடப்பதில்லை, உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. "மாத்திரைதான் நரம்பைக் கெடுத்துவிட்டது, நிறுத்துங்கள்" என்கிறார் அத்தை. ஸ்கேன் நார்மல் என்றால் மூளையில் என்னதான் கோளாறு? சின்ன வயதில் அவனுக்குப் பம்பரம் சுற்ற வராது. ஷூ லேஸ் கட்ட நாலாம் வகுப்புவரை அம்மாதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இன்னொன்று: அந்தக் கைப் பரிசோதனையை வீட்டில் நானும் செய்துபார்த்தேன். எனக்கும் குழம்பியது. எனக்கு 31 வயது, ஆறு வயதில் மகள் இருக்கிறாள். பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அத்தையின் பேச்சை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் இப்போது அதுதானே ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாத்திரை எழுதும் முன்பே டாக்டர் அந்தப் பரிசோதனையைச் செய்தார் என்கிறீர்கள். ஒரு மாத்திரைகூட உள்ளே போகாத அன்றைக்கே கையின் வரிசை குழம்பியது, உள்ளங்கையில் எழுதிய எண் தப்பாகத் தெரிந்தது. அந்தப் பழியை ரிஸ்பெரிடோன்மேல் போட முடியாது. மூன்று மாதமாக வந்திருக்கும் இறுகிய நடையும் கால் ஆட்டமும் வேறு சங்கதி. அதில் அத்தை சொல்வது பெரும்பாலும் சரிதான். நிறுத்துங்கள் என்கிற முடிவுதான் தவறு. இரண்டு வேறு விஷயங்கள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. அவிழ்த்துப் பார்ப்போம்.

சாஃப்ட் சைன்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ புது நோய் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கக் கை தூக்க வராது. மூளையில் இன்ன இடத்தில் அடைப்பு என்று கைகாட்டிச் சொல்லலாம். அது கெட்டியான அறிகுறி. சாஃப்ட் சைன்ஸ் அப்படி ஒரே இடத்தைக் காட்டிக்கொடுக்காது. தம்பியின் கையில் பலம் இருக்கிறது, தொட்டால் உணர்ச்சி இருக்கிறது. ஆனால் மூன்று அசைவுகளை வரிசை தப்பாமல், ஒரே வேகத்தில், திரும்பத் திரும்பச் செய்யும்போது எங்கோ ஒரு தட்டுத் தப்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கை எழுத்தைப் படிப்பது, கையில் வைத்த சாவியையோ நாணயத்தையோ தடவியே அடையாளம் சொல்வது, ஒரு காலின் நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடப்பது, கையைப் பொத்தி வேகமாகப் புரட்டுவது எல்லாம் இந்த வகைப் பரிசோதனைகள்தான். முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை என்ற அந்தக் குறிப்பிட்ட சோதனையைப் பிரபலமாக்கியவர் ரஷ்ய நரம்பு உளவியல் அறிஞர் அலெக்சாண்டர் லூரியா. ஐந்து பைசா செலவில்லாத பரிசோதனை. பல டாக்டர்கள் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் டாக்டர் முதல் நாளே செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மனநோய் உள்ளவர்களின் உடல் அசைவில் ஏதோ மாற்றம் இருக்கிறது என்பது மாத்திரை கண்டுபிடிப்பதற்கு முன்பே தெரிந்த செய்தி. ஜெர்மன் மருத்துவர் கால்பாம், உடல் விறைத்து ஒரே நிலையில் உறைந்துபோகும் மனநோயாளிகளைப் பற்றி 1874இலேயே எழுதிவிட்டார். அவருக்குப் பின் வந்த ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பலினும் முகச்சுளிப்பு, தேவையில்லாத அசைவுகள், தாளம் தப்பிய நடை என்று நிறையக் குறித்துவைத்தார். சைக்கோசிஸுக்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் புழக்கத்துக்கு வந்தது 1952இல்தான். ஆனால் மருந்து வந்தபின் நடந்தது வேடிக்கை. மருந்தும் அசைவுகளைக் கெடுத்தது. அதைக் கண்ணால் பார்த்த ஒரு தலைமுறை மருத்துவர்கள், எல்லா அசைவுக் கோளாறையும் மருந்தின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். நானும் பயிற்சிக் காலத்தில் அப்படித்தான் இருந்தேன். உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, என்ன மாத்திரை, எத்தனை வருஷம் என்று கேட்டேன். "மாத்திரையா? இவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதே இன்றைக்குத்தான்" என்றார் அவர் மனைவி. முப்பது வருஷ நோய், ஒரு மாத்திரைகூட இல்லை.

அசைவுக் கோளாறு மருந்தாலா, நோயாலா என்ற கேள்விக்கு உலகத்துக்கே நல்ல பதில் ஒன்று கிடைத்தது நம் சென்னையில் இருந்துதான். இதை அத்தைக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மேற்கு நாடுகளில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா, சைக்கோசிஸ் வகைகளில் ஒன்று) வந்து பல வருஷம் மருந்தே சாப்பிடாதவர்களைத் தேடிப்பிடிப்பது மிகக் கடினம். இங்கே, வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அது கடினமில்லை. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் டாக்டர் தாராவும், ஸ்காட்லாந்திலிருந்து வந்த மனநல மருத்துவர் ராபின் மெக்கிரீடியும் சேர்ந்து, சென்னையிலும் அதற்குத் தெற்கே உள்ள கிராமங்களிலும் 308 முதியவர்களைப் பரிசோதித்தார்கள். 1996இல் முடிவு வெளியானது. வாய், நாக்கு, கைகால் தன்னையறியாமல் அசையும் கோளாறு நோயில்லாதவர்களில் 15 சதவீதம் பேருக்கு இருந்தது. மருந்தே தொடாத நோயாளிகளில் 38 சதவீதம். மருந்து சாப்பிட்ட நோயாளிகளில் 41 சதவீதம். கடைசி இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், மூன்றே மூன்று. மருந்து தொடாத நோயாளிகள் இதில் 21 பேர்தான், சின்ன எண்ணிக்கை. அதனால் தசமப்புள்ளிவரை சண்டைபோட வேண்டாம். ஆனால் அது எந்தப் பக்கம் கைகாட்டுகிறது என்பது தெளிவு.

அதே குழு அப்புறம் மருந்தே தொடாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தும் பார்த்தது. 2002இல் வந்த அந்த முடிவில், தன்னையறியாத அசைவுகள் இருந்த நோயாளிகளுக்கு மூளையின் நடு ஆழத்தில், அசைவுகளைச் சீர்படுத்தும் முடிச்சுகளில் ஒன்று, குறிப்பாக இடப்பக்கம், மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் மருந்து தொடாத நோயாளிகளிடம் உங்கள் தம்பிக்குச் செய்தது போன்ற பரிசோதனைகளைச் செய்து, நோயில்லாதவர்களைவிட அவர்களுக்கு அதிகத் தடுமாற்றம் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, மூளையில் என்னதான் கோளாறு என்று கேட்டீர்கள். கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் பெருமூளையின் முன்பகுதி: என்ன செய்யவேண்டும், எந்த வரிசையில் என்று திட்டம் போடுவது அது. பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை தாளக்காரர். ஆழத்தில் இருக்கும் புட்டாமென் போன்ற முடிச்சுகள், எந்த அசைவை விடுவது, எதைப் பிடித்துவைப்பது என்று பார்க்கின்றன. தலாமஸ் இவர்கள் எல்லோருக்கும் நடுவே செய்தி கடத்துகிறது. முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை என்று கை மாறும்போது இந்தச் சுற்றுப்பாதை முழுக்க ஓடவேண்டும். யாரும் படுத்துவிடவில்லை, ஆனால் ஒருவர் காதில் ஒருவர் பாட்டு நேரத்துக்கு விழவில்லை என்றால் என்ன ஆகும்? அதைத்தான் டாக்டரின் மேசையில் பார்த்தீர்கள்.

லண்டன் ஆய்வாளர்கள் முதன்முறை சைக்கோசிஸ் வந்த 77 பேரை ஸ்கேன் செய்து 2004இல் எழுதினார்கள். யாருக்கு இந்தத் தடுமாற்றங்கள் அதிகமோ, அவர்களுக்குப் புட்டாமென், தலாமஸ் பகுதிகளின் சாம்பல்நிறத் திசு சராசரியாகக் குறைவாக இருந்தது. உள்ளங்கை எழுத்து போன்ற உணர்வுச் சோதனைகளில் தவறியவர்களுக்குப் பெருமூளையின் மேற்பரப்பிலும் சில இடங்களில் குறைவு. சென்னையில் ஒரு முடிச்சு பெரிது, லண்டனில் சிறிது என்றால் முரண்பாடாகத் தோன்றும். இரண்டு குழுவும் தேடிய அறிகுறி வேறு: அங்கே செய்யச் சொன்னால் தடுமாறுவது, இங்கே சும்மா இருக்கும்போதே அசைவது. இரண்டுமே அதே சுற்றுப்பாதையைத்தான் காட்டுகின்றன.

அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்டிரியாசென் 1990களில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். இதே சுற்றுப்பாதைதான் எண்ணங்களையும் கோர்க்கிறது, கை அசைவில் தாளம் தப்புவதுபோல எண்ணத்திலும் தாளம் தப்புகிறது என்பது அவர் கருத்து. முழுதாக நிரூபணமான விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசும்போது இது அடிக்கடி எனக்கு ஞாபகம் வரும்.

அப்படியென்றால் தம்பியின் ஸ்கேன் ஏன் நார்மல்? ஸ்கேன் எடுத்தது கட்டி, ரத்தக் கசிவு, அடைப்பு, தழும்பு இல்லை என்று உறுதிசெய்ய. அந்த வேலையை அது செய்துவிட்டது, சந்தோஷப்படுங்கள். நான் மேலே சொன்ன வித்தியாசங்கள் எல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒரு ஊர் ஆண்களின் சராசரி உயரம் பக்கத்து ஊரைவிட ஒரு விரல்கடை குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிற ஒருவரின் உயரத்தை அளந்து அவர் எந்த ஊர் என்று சொல்ல முடியுமா? அதேபோலத்தான். ஸ்கேன் படத்தைக் காட்டிச் சைக்கோசிஸ் என்று யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், புதிதாக அறிகுறி எதுவும் இல்லாதவரை அந்தப் பணத்தைத் தம்பியின் சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள்.

பம்பரத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் மனச்சிதைவு வந்தவர்கள், குழந்தையாக நடக்கத் தொடங்கியதே மற்றவர்களைவிடச் சராசரியாக ஒரு மாதத்துக்கு மேல் தாமதம். அமெரிக்காவில் எலெய்ன் வாக்கர் இன்னும் அழகாக ஒன்று செய்தார். பின்னாளில் நோய் வந்தவர்களின் குடும்பங்கள் வீட்டிலேயே எடுத்து வைத்திருந்த பழைய குழந்தைப் படச் சுருள்களை வாங்கி, யாருக்கு நோய் வந்தது என்று தெரியாதவர்களை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். நோய் வரப்போகும் குழந்தைகளின் கை அசைவுகளில், அவர்களின் சொந்த அண்ணன் தங்கைகளோடு ஒப்பிட்டாலும், சின்னச் சின்னக் கோணல்கள் தெரிந்தன. அதாவது இந்தச் சுற்றுப்பாதை, கருவிலும் சிறுவயதிலும் பின்னப்படும்போதே கொஞ்சம் வேறு மாதிரி பின்னப்படுகிறது. தம்பி சோம்பேறியும் இல்லை, நீங்கள் யாரும் வளர்த்த விதத்தில் தப்பும் இல்லை. அம்மாவிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அம்மாக்கள்தான் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இதைத் திருப்பிப்போட்டுப் படித்துவிடாதீர்கள். பம்பரம் சுற்றாத பையன்களில் பெரும்பாலோர் எந்த நோயும் இல்லாமல் வளர்ந்து, கல்யாணம் செய்து, கடன் வாங்கி வீடு கட்டி நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கே பம்பரம் சுற்ற வராது. சாட்டையை இழுத்தால் பம்பரம் என் காலில்தான் விழும்.

உங்கள் பயத்துக்கும் இதே பதில். நோயில்லாதவர்களிடமும் ஓரிரு சாஃப்ட் சைன்ஸ் இருக்கும். களைப்பு, தூக்கமின்மை, பதற்றம் இருந்தால் கூடுதலாகவே தெரியும். தம்பியை நினைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து செய்துபார்த்தால் யாருக்குத்தான் குழம்பாது? கூடப்பிறந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், நோயாளியைவிடக் குறைவாகவும் இருக்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அது குடும்பத்தின் பின்னல், நோயின் முன்னறிவிப்பு இல்லை. மனச்சிதைவு உள்ளவரின் கூடப்பிறந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் ஒன்பது பேருக்குத்தான் அந்த நோய் வருகிறது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வருவதில்லை. நீங்கள் 31 வயதை நல்லபடியாகத் தாண்டி நிற்கிறீர்கள் என்பதும் உங்கள் பக்கம்தான். மகளுக்கோ ஆபத்து இன்னும் குறைவு. அவளை வைத்து அந்தச் சோதனையைச் செய்துபார்க்காதீர்கள். ஆறு வயதில் பல குழந்தைகளுக்கும் அது குழம்பும். மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இனி அவசரமான பகுதி. சாஃப்ட் சைன்ஸ் செய்யச் சொன்னால்தான் வெளியே வரும். மருந்தின் பக்கவிளைவு கேட்காமலே கண்ணில் படும். எல்லா நேரமும் பொருந்தும் விதி இல்லை, ஆனாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல அளவுகோல். கை வீசாத இறுகிய நடை, முகத்தில் சிரிப்பு வராதது, கை நடுக்கம் எல்லாம் பார்க்கின்சன் போன்ற பக்கவிளைவு. மருந்து தொடங்கிய அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களில் வரும். டோஸ் கூட்டிய தேதியையும் நடை மாறிய தேதியையும் நாட்காட்டியில் பாருங்கள்; பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுவது அகதீசியாவாக இருக்கலாம். அது வெறும் ஆட்டம் இல்லை. உள்ளே ஒரு தாங்கமுடியாத தவிப்பு இருக்கும், சிலர் அதனாலேயே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், சிலருக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட வரும். எனவே தம்பியிடம், "கால் ஏன்டா ஆடுது?" என்று அதட்டாமல், "உள்ளே எப்படி இருக்கு, உட்கார முடியுதா?" என்று கேளுங்கள். தவிப்பாக இருக்கிறது என்றால் அடுத்த மாத ரிவ்யூவரை காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

அவரிடம் வழிகள் பல இருக்கின்றன. டோஸைக் குறைக்கலாம், இந்த விளைவு குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாம், சில நாட்களுக்குத் துணை மாத்திரை தரலாம். இறுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையை, பலர் பேசிடேன் என்று சொல்வார்கள், கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், ஞாபகத்தை மந்தமாக்கும். வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டபின் வாயிலும் நாக்கிலும் வரும் அசைவுகளை அது மோசமாக்கவும் கூடும்.

நிறுத்துவது மட்டும் வேண்டாம். முதல் முறை நோய் வந்து குணமானவர்களை ஐந்தாண்டு தொடர்ந்த நியூயார்க் ஆய்வு 1999இல் வெளியானது. அதில் மருந்தை விட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. நோய் தணியும்போது சாஃப்ட் சைன்ஸும் ஓரளவு குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை: ஆண்டிரியாசென் குழுவே 2011இல், நீண்ட காலம் அதிக மருந்து சாப்பிட்டவர்களிடம் மூளைத் திசு சற்றுக் கூடுதலாகக் குறைவதைக் காட்டியது. அதனால்தான் குணத்தைத் தக்கவைக்கும் மிகக் குறைந்த டோஸ் எது என்று தேடவேண்டும் என்கிறேன். அந்தத் தேடலை டாக்டரோடு சேர்ந்து, மாதங்கள் எடுத்து, மெதுவாகச் செய்யவேண்டும். அத்தையோடு சேர்ந்து ஒரே ராத்திரியில் செய்யக்கூடாது.

ஒருசில விஷயங்கள் மட்டும் உடனடி ஆஸ்பத்திரி: காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைப்பது, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், விழுங்க முடியாமை, ஆளே குழம்பிப்போவது. சாஃப்ட் சைன்ஸ் இவை எதையும் செய்யாது. இளம் வயதில் மனநோயோடு நடுக்கமும் பேச்சுக் குழறலும் கூடிக்கொண்டே போனால் வில்சன் நோய் என்ற, தாமிரம் உடலில் தேங்கும் நோயையும் நாங்கள் ஒருமுறை சந்தேகப்பட்டுப் பார்ப்போம். உங்கள் தம்பிக்கு அந்தச் சாயல் தெரியவில்லை, ஆனாலும் பரிசோதித்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை. இரவில் பதற்றமாகி யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பட்டறைக்குத் திரும்புவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இறுக்கமும் தவிப்பும் சரியாகும்வரை சுழலும் இயந்திரத்தின் பக்கம் வேண்டாம். அப்புறம், மேஸ்திரி ஒத்துக்கொண்டால், அளவெடுப்பது, பொருள் அடுக்குவது, பாலிஷ் போடுவது என்று ஒரு நேரத்தில் ஒரு வேலையாகத் தொடங்கட்டும். நாலு கட்டளையை ஒரே மூச்சில் சொன்னால் வரிசை குழம்பும், அது உங்களுக்கே தெரியும். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று சொன்னால், பழகிய கை பெரும்பாலும் கற்றுக்கொண்டுவிடும்.

டாக்டரிடம் போகும்போது மூன்று பொருள் எடுத்துப் போங்கள். டோஸ் மாறிய தேதிகள் எழுதிய ஒரு தாள். தம்பியிடம் கேட்டுக்கொண்டு, அவன் வாசலில் இருந்து தெருமுனைவரை நடந்து திரும்புவதையும், ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் எடுத்த செல்ஃபோன் வீடியோ. முதல் நாள் 'சாஃப்ட் சைன்ஸ்' என்று எழுதிய அந்தப் பழைய சீட்டு. அதைத் தொலைத்துவிடாதீர்கள், எது முன்பே இருந்தது, எது பிறகு வந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அது. முடிந்தால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடை மாறியதைக் கவனித்தவர் அவர்தான் என்றால், அதை டாக்டரிடம் அவரே சொல்லட்டும்.